மிஸ் அக்னியூவிடம் ஒரு கேள்வி

மில்லிக்கன்
12 ஜனவரி 1997

புனிதவதிக்கு,

நலம் கேட்டு எழுதுகிற கடிதம் இல்லை இது. நீ நல்லாய்த்தான் இருக்கிறாய் என்று அன்புராசா சொல்லிவிட்டார்.

வோபர்னில் மரக்கறிக் கடை வைத்திருக்கிறாரே, அவர்தான். போன ஞாயிற்றுக்கிழமை சாமான் இறக்க உங்கள் பக்கம் வந்தவராம். பாலிமென்ற் ஸ்ரீற்றில் ஒரு தேவாலயத்து வாசலில் உன்னைக் கண்டாராம். கழுத்துவரை பொத்தான் பூட்டிய கறுப்புக் கவுண், நாடா வைத்துக் கட்டிய வெள்ளைத் தொப்பி, கையில் தடித்த புத்தகம். "புனிதம்" என்று கூப்பிட்டாராம். நீ அவரைப் பார்த்து, தமிழே தெரியாத ஆள் மாதிரித் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டாயாம். கடை முழுக்கச் சனம் நிற்க, வெண்டிக்காய் நிறுத்துக்கொண்டே சொல்கிறார்: "அக்கா, உங்கட தங்கச்சி வேதத்துக்கு மாறிட்டா போல கிடக்கு." வெண்டிக்காயை அப்படியே விட்டுவிட்டு வந்து காருக்குள் இருந்து அழுதேன்.

உங்கள் கட்டடங்களில் கதவு தட்டி ஆள் சேர்க்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். தனிய இருக்கிற பெண்பிள்ளைகளைத்தான் முதலில் பிடிப்பார்களாம். தனிய இருக்காதே என்று தலைபாடாய் அடித்துக்கொண்டது இதற்குத்தான். அப்பா நமக்கு வைத்த பெயர்களை நினைத்துப் பார். ஒன்று பாண்டிமாதேவியின் பெயர், மற்றது காரைக்கால் அம்மையாரின் பெயர். மனுசன் மேலே இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார், தொப்பியையும் சேர்த்து.

போன் எடுக்காமல் ஏன் எழுதுகிறேன் என்று சிரிப்பாய். மொன்றியலில் இருந்து காரோடி வந்த மாப்பிள்ளை வீட்டாரை என் சோபாவில் இருத்திவிட்டு நீ வேலைக்குப் போனாயே, அன்றைக்குக் கோயிலில் பிள்ளையாருக்கு முன்னால் சத்தியம் பண்ணினவள் நான். இனி உன்னோடு வாய் திறந்து கதைக்கமாட்டேன் என்று. அவர்கள் வடையைத் தின்றுவிட்டு என் முகத்தைப் பார்த்த பார்வை இன்னும் போகவில்லை. கதைக்கமாட்டேன் என்றுதான் சொன்னேன். எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை.

உண்மையை எழுது.

மங்கையற்கரசி


சென் ஜேம்ஸ் ரவுண்
18 ஜனவரி 1997

அன்புள்ள அக்கா,

ஒரே நகரத்துக்குள் முத்திரை ஒட்டிச் சண்டை பிடிக்கிற குடும்பம் நம்முடையதாகத்தான் இருக்கும். தபால்காரனுக்கு நல்ல காலம்.

நான் மாறவில்லை. அன்றைக்கும் நெற்றியில் திருநீறு இருந்தது, தொப்பி மறைத்துவிட்டது. கையில் இருந்தது வேதப்புத்தகம் இல்லை, உலகப்படப் புத்தகம், அற்லஸ். தேவாலயத்துக்குப் போனது ஒத்திகைக்கு, அதன் கீழ்த்தளத்து மண்டபத்துக்கு வாடகை குறைவு என்பதால்.

நடந்தது இதுதான். நான் வேலை செய்கிற தையல் கடைக்கு மிஸிஸ் கெலர்மன் என்கிற வயதான அம்மா பழங்காலக் கவுண்களைத் திருத்தக் கொண்டுவருவார். அமெரிக்காவில், ஒகையோவில் சரித்திரம் படிப்பித்தவர், மகளோடு இருக்க இங்கே வந்துவிட்டார். அவரும் சில பெண்களும் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடம், நூலகம் என்று போய், அமெரிக்கச் சரித்திரத்தில் பெயர் எடுத்த பெண்களாக வேசம் கட்டி நிற்பார்கள். இது நாடகம் மாதிரி இல்லை. ஒருத்தி தனிய வந்து "நான் இன்னார்" என்று தன் கதையைச் சொல்லுவாள். முடிந்ததும் சனம் கேள்வி கேட்கும். அந்தப் பெண்ணாகவே நின்று பதில் சொல்ல வேண்டும். தொப்பி தலையில் இருக்கும்வரை சொந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கக்கூடாது, சொந்தக் கதை வாயில் வரக்கூடாது. தெருவில் நின்றாலும் அதுதான் சட்டம். பாவம் அன்புராசா அண்ணை, அவர் கூப்பிட்ட நேரம் நான் புனிதம் இல்லை.

டொறின் என்று ஒரு ஜமேக்காப் பெண் ஹரியற் ரப்மனாக நிற்பார். அடிமைகளைக் காடும் சதுப்பும் கடத்தி இந்தக் கனடாவுக்குக் கொண்டுவந்து சேர்த்த பெண் அவர். டொறின் வாயைத் திறந்தால் எனக்கு மேல் சிலிர்க்கும். இன்னொருத்தி விமானம் ஓட்டிய அமெலியா. முதலாம் உலக யுத்த நேரம் அமெலியா இதே ரொறன்ரோவில் காயம்பட்ட சிப்பாய்களைப் பராமரித்தவராம். உங்களுக்குத் தெரியுமா?

நான் ஆர் என்று கேட்கமாட்டீர்கள். நானே சொல்கிறேன். நாங்கள் படித்த உடுவில் பள்ளிக்கூடத்தை அந்தக் காலத்தில் நடத்திய எலிசா அக்னியூ. நியூயோர்க்கில் பிறந்து எங்கள் ஊரில் செத்துப்போனவர். முதன்முதல் எனக்கு அவருடைய கதையைச் சொன்னது நீங்கள்தான், மறந்துவிடாதீர்கள்.

உங்கள் தங்கச்சி,
புனிதம்


மில்லிக்கன்
2 பெப்ரவரி 1997

புனிதவதிக்கு,

கடிதத்தை வாசித்ததும் சாமி அறையில் விளக்கேற்றினேன். பிறகு இன்னொருதரம் வாசித்தேன். அப்போதுதான் கோபம் வந்தது.

நாற்பது தாண்டிய மனுசிக்கு இது என்ன கூத்து? வேலைக்குப் போனோம், வந்தோம், சமைத்தோம் என்று இருக்கத் தெரியாதா? உனக்கு ஏதும் குறை வைத்தோமா? நீ இந்த நாட்டில் இறங்கின நாளில் இருந்து மேல் மாடியில் அறை தந்து வைத்திருந்தேன். அதை விட்டுவிட்டுப் போய், பதினெட்டாம் மாடியில் ஒரு கூட்டுக்குள் இருந்துகொண்டு தொப்பி கட்டுகிறாய்.

இன்றைக்கு விசயம் அதைவிடப் பெரிது. சுபாங்கியின் பள்ளிக்கூடத்தில் இருந்து ஒரு கடதாசி வந்தது. மார்ச் 7, வெள்ளிக்கிழமை, அமெரிக்கச் சரித்திரத்துப் பெண்கள் நேரில் வந்து பேசுவார்களாம், பெற்றோரும் வரலாமாம். கீழே உன் பெயரும் கிடக்கிறது. அந்தப் பள்ளிக்கூடத்தில் எங்கள் தமிழ்ப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று உனக்குத் தெரியாதா? வெள்ளைக்காரியின் வேசத்தில் சுபாங்கியின் சித்தி வந்து நிற்பதா? பிள்ளை அழுகிறாள். "அம்மா, பிளீஸ், சித்தியை வரவேண்டாம் எண்டு சொல்லுங்கோ. இற்ஸ் ஸோ எம்பரசிங்" என்கிறாள்.

எத்தனையோ பெரிய பெண்கள் இருக்க நீ ஏன் மிஸ் அக்னியூவைப் பிடித்தாய் என்று எனக்கு விளங்காது என்று நினைக்காதே. அவரும் கடைசிவரை கட்டவில்லை. உனக்கு நல்ல சாட்டு ஒன்று கிடைத்துவிட்டது. கலியாணம் கட்டாததற்குச் சரித்திரத்தில் ஆள் தேடுகிறாய்.

அந்த ஒரு பள்ளிக்கூடத்துக்கு வராதே. வேறு எங்கே வேண்டுமானாலும் போய் ஆடு.

மங்கையற்கரசி


சென் ஜேம்ஸ் ரவுண்
11 பெப்ரவரி 1997

அன்புள்ள அக்கா,

ஆடுகிறது டொறினும் இல்லை, நானும் இல்லை. நிற்கிறோம், பேசுகிறோம். அவ்வளவுதான்.

அந்த ஒரு பள்ளிக்கூடத்துக்கு வராமல் விட முடியாது. ஏன் என்று சொல்கிறேன், கோபப்படாமல் வாசியுங்கள்.

மிஸிஸ் கெலர்மன் எனக்கு முதலில் தந்தது பெற்சி றோஸ். அமெரிக்காவின் முதல் கொடியைத் தைத்தவர் என்று அங்கே சொல்லுவார்கள். நான் தையல்காரிதானே, ஊசியும் துணியுமாக ஓரத்தில் இருந்தால் போதும், அதிகம் பேசவும் தேவையில்லை என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் காலையில் இருந்து பொழுதுபடும்வரை நான் செய்கிறது அதைத்தானே அக்கா. மேடையிலும் அதுவா? நான் மிஸ் அக்னியூவைச் சொன்னேன். அப்படி ஒருவரை அவர் கேள்விப்பட்டதே இல்லை. இன்னொருத்தி, நியூயோர்க் வெள்ளைக்காரியாக உன்னை ஆர் நம்புவார்கள் என்று கேட்டாள். அதற்கு டொறின் சொன்ன பதிலை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். அந்த வெள்ளைக்காரி இவளுடைய ஊருக்குப் போய் இவளுடைய பாசையில் சீவித்தாள், இப்போது இவள் இங்கே வந்து அவளுடைய பாசையில் அவளுடைய கதையைச் சொல்கிறாள், இதைவிடப் பொருத்தமாக உங்களுக்கு ஆள் எங்கே கிடைக்கும் என்று கேட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார்.

ஒரேயொரு தடவை சனத்துக்கு முன்னால் நின்று பார் என்றார்கள். அந்த ஒரு தடவை மார்ச் 7. கதை சொல்வதை அவர்கள் பெரிதாக எடுப்பதில்லை, மனப்பாடம் பண்ணினால் ஆரும் சொல்லலாம். கேள்வி நேரத்தில் கை உயர வேண்டும். கேள்வி வராத பெண்ணைக் குழுவில் வைத்திருக்கமாட்டார்கள். அன்றைக்குச் சரிவராவிட்டால் மிஸ் அக்னியூ பெட்டிக்குள் போய்விடுவார், நான் ஓரத்தில் இருந்து கொடி தைப்பேன்.

ஓம், அவர் கட்டவில்லைத்தான். எனக்குப் பிடித்தது அது மட்டும் இல்லை. எட்டு வயதில் பூமிசாத்திர வகுப்பில் உலகப்படத்தைப் பார்த்து, தூர தேசம் போவேன் என்று ஒரு முடிவு எடுத்து, முப்பது தாண்டும்வரை அதைக் கைவிடாமல் வைத்திருந்து, கப்பல் ஏறி, பிறகு ஒருதரமும் திரும்பிப் போகாமல் மானிப்பாயில் கண்ணை மூடியவர். பெண்பிள்ளைக்குப் படிப்பு என்னத்துக்கு என்று கேட்ட காலத்தில் மூன்று தலைமுறைக்குப் படிப்பித்தவர். ஆயிரம் பெண்பிள்ளைகளின் தாய் என்று அவரைச் சொல்லுவார்கள். அவருடைய பெயர் இந்த ஊரில் ஒருவருக்கும் தெரியாது என்பது எனக்குப் பொறுக்கவில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். கடையில் நாள் முழுக்க ஆட்கள் எனக்கு முன்னால் காற்சட்டையை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். ஒருவரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. ஒத்திகையில் அந்தத் தொப்பியோடு நிற்கும்போது எல்லாரும் பார்க்கிறார்கள், நான் என்ன சொல்லப் போகிறேன் என்று காத்திருக்கிறார்கள். எனக்கு அது வேண்டும் அக்கா. மிகவும் வேண்டும்.

வருவேன். சுபாங்கியிடம் சொல்லுங்கள், நான் அவளைத் தெரிந்த மாதிரியே காட்டமாட்டேன். மிஸ் அக்னியூவுக்கு அவளைத் தெரியாதுதானே.

புனிதம்


மில்லிக்கன்
24 பெப்ரவரி 1997

புனிதவதிக்கு,

மார்ச் 7ஆம் திகதி சுபாங்கிக்குக் காய்ச்சல். இப்போதே சொல்லி வைத்துவிட்டேன்.

நான் வரமாட்டேன். அத்தானும் வரமாட்டார். அவரை நான் கேட்கவில்லை, ஆனால் வரமாட்டார்.

கவுணுக்குள்ளே ஸ்வெற்றர் போடு. மார்ச் மாதக் குளிர் கள்ளக் குளிர், வெயிலைக் காட்டிவிட்டு உள்ளே இறங்கும். உனக்குச் சளி பிடித்தால் தொண்டைதான் முதலில் போகும்.

மங்கையற்கரசி


சென் ஜேம்ஸ் ரவுண்
8 மார்ச் 1997

அக்கா,

நேற்று வந்து தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தேன். இன்றைக்குத்தான் பேனையைப் பிடிக்கக் கை வந்தது. நீங்கள் கடைசி வரிசையில் இருந்தீர்கள், என் முகம் தெரிந்திருக்காது. மேடையில் இருந்து எப்படி இருந்தது என்று சொல்கிறேன்.

டொறின் பேசி முடித்தபோது பிள்ளைகள் எழும்பி நின்று கை தட்டினார்கள். அமெலியாவிடம் கேள்விக்கு மேல் கேள்வி. விமானம் விழுந்துவிடும் என்று பயமில்லையா, அப்பா ஏசவில்லையா என்று அவளை விடவே இல்லை. பிறகு நான். பேசினதில் பிழையில்லை அக்கா, ஒரு இடத்திலும் தடக்கவில்லை. அற்லஸை விரித்துக் காட்டினேன். கப்பலைச் சொன்னேன், கரையில் இறங்கியதைச் சொன்னேன், பிள்ளைகளைச் சொன்னேன். முடித்துவிட்டு, கேள்வி உண்டா என்று கேட்டேன்.

ஒரு கையும் உயரவில்லை.

வெள்ளைப் பிள்ளைகளுக்கும் சீனப் பிள்ளைகளுக்கும் நான் சொன்ன இடம் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. எங்கள் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள். மூன்றாம் வரிசையில் நம்முடைய காய்ச்சல்காரி நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். மிஸிஸ் கெலர்மன் மேடைக்குப் பக்கத்தில் நின்று, போதும், இறங்கு என்று கண்ணால் சொன்னார். முடிந்தது என்று நினைத்தேன். பெட்டிக்குள் வைக்க வேண்டியதுதான் என்று நாடாவில் கைகூட வைத்துவிட்டேன்.

அப்போது பின்னால் ஒரு கதிரை கிறீச்சிட்டது. நீலக் குளிர்க்கோட்டு, அதற்குக் கீழே காஞ்சிபுரச் சேலை. வரமாட்டேன் என்று எழுதினவர் காஞ்சிபுரம் கட்டிக்கொண்டு வந்து எழும்பி நிற்கிறீர்கள். மண்டபம் முழுக்கக் கேட்கிற மாதிரித் தமிழில் கேட்டீர்கள்.

"மிஸ் அக்னியூ, நீங்கள் ஏன் கலியாணம் கட்டேல்லை?"

எங்கள் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். இந்த ஒரு கேள்வியில் இருந்து தப்பத்தானே உங்கள் வீட்டை விட்டே வெளிக்கிட்டேன். வீடு என்றால் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தியிருப்பேன். அங்கே சாத்தக் கதவில்லை. தொப்பி தலையில் இருக்கிறது. மிஸ் அக்னியூ கோபித்துக்கொண்டு போகிற ஆளும் இல்லை. அத்தனை காலம் உடுவிலில் இருந்தவர், தமிழில் கேட்டால் தமிழில்தான் சொல்லுவார். சொன்னேன். உங்களுக்கு ஞாபகம் இருக்கும், ஆனாலும் என் கையால் ஒருதரம் எழுத வேண்டும் போல் இருக்கிறது.

"அம்மா, இதை என்னட்டைக் கனபேர் கேட்டிருக்கினம். நான் ஆருக்கோ காத்திருந்து, ஒருத்தரும் வராமல் தனிச்சுப் போனன் எண்டு நினைக்கினம். நான் ஒருத்தருக்கும் காத்திருக்கேல்லை. விடிஞ்சால் எனக்கு வேலை இருந்தது. அந்த வேலை எனக்குப் பிடிச்சிருந்தது. என்ர வாழ்க்கையில ஒரு கதிரை வெறுமையாக் கிடக்கு எண்டு நீங்கள் கவலைப்படுறியள். அது வெறுமையா இல்லை அம்மா. அதில நான் இருக்கிறன்."

சிரிப்பு நின்றுபோயிற்று. எங்கள் பிள்ளைகளுக்கு விளங்கிவிட்டது, மற்றவர்கள் முழித்துக்கொண்டு இருந்தார்கள். அப்போது சுபாங்கி எழும்பினாள். ஒருவரும் கேட்காமலே, உங்கள் கேள்வியையும் என் பதிலையும் சபைக்கு இங்கிலீசில் சொன்னாள். கதிரை என்கிற இடத்துக்கு வந்தபோது பிள்ளை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு கைகள் உயர்ந்தன பாருங்கள். தமிழ் படிக்க எவ்வளவு காலம் எடுத்தது, பெண்பிள்ளைகளைப் படிக்கவிடத் தகப்பன்மார் சம்மதித்தார்களா, திரும்பிப் போக ஆசை வரவில்லையா என்று மணி அடித்த பிறகும் விடவில்லை. மிஸிஸ் கெலர்மன் என் தோளைப் பிடித்து, ஏப்ரலில் நூலகத்தில் மிஸ் அக்னியூதான் கடைசியாகப் பேசுவார் என்றார். கடைசியாகப் பேசுகிற இடம் இதுவரை டொறினுடையது. டொறினே விட்டுத் தந்தார்.

நான் இறங்கி வரமுன்னம் நீங்கள் போய்விட்டீர்கள்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அந்தப் பதில் எந்தப் புத்தகத்திலும் இல்லை. மிஸ் அக்னியூ என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியாது. அது என்னுடைய பதில். என்னுடைய பெயரில் நின்று உங்களிடம் சொல்ல இத்தனை வருசமும் வாய் வரவில்லை.

நீங்கள் ஒன்று மட்டும் சொல்லுங்கள். எல்லாருக்கும் முன்னால் என்னை வெட்கப்படுத்தத்தானா அதைக் கேட்டீர்கள்?

புனிதம்


மில்லிக்கன்
12 மார்ச் 1997

என் புனிதம்,

வெட்கப்படுத்தவா? உனக்கு மூளை கீளை இருக்கிறதா?

அன்றைக்குக் காலமை காய்ச்சல்காரி, சித்தியைப் பார்க்க வேணும் என்று பள்ளிக்கூடம் வெளிக்கிட்டுவிட்டாள். பிள்ளையைக் கூட்டிவர ஆள் வேண்டுமே என்றுதான் நான் போனேன். காஞ்சிபுரம் ஏன் என்று கேட்காதே. அலுமாரியைத் திறக்கக் கையில் அகப்பட்டது அதுதான்.

நீ வந்து நின்றாய். குரல் உன்னுடையதுதான், ஆனால் இப்படி முதுகை நிமிர்த்திக்கொண்டு நீ பேசி நான் பார்த்ததில்லை. என் வீட்டில் இருந்த காலம் முழுக்க நீ குசினி வாசலில் நின்றுதான் கதைப்பாய். எனக்குப் பெருமையில் நெஞ்சு வெடித்துவிடும் போல இருந்தது. பக்கத்தில் இருந்த சீனத்து அம்மாவிடம் "மை சிஸ்ரர்" என்றேன். அவர் விளங்காமல் சிரித்தார். திரும்பவும் சொன்னேன்.

பிறகு ஒரு கையும் உயரவில்லை. அமெலியாவிடம் அத்தனை கேள்வி கேட்டவர்களுக்கு என் தங்கச்சியிடம் கேட்க ஒன்றும் இல்லையா? பொறுக்க முடியாமல் எழும்பிவிட்டேன். எழும்பின பிறகுதான் தெரிந்தது, கேட்க என்னிடமும் ஒன்றும் இல்லை என்று. எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள். வாயைத் திறந்தேன், வந்தது அந்த ஒன்றுதான். உன்னிடம் வேறு கேள்வி கேட்டு எனக்குப் பழக்கமில்லையே.

பதிலைக் கேட்டேன். நீ இறங்கி வந்தால் உனக்கு முன்னால் அழுதுவிடுவேன் என்று ஓடிப்போய்க் காருக்குள் இருந்தேன். அது அவருடைய பதில் இல்லை, உன்னுடையது என்று நீ எழுதித்தானா எனக்குத் தெரிய வேண்டும்? உன்னைத் தூக்கி வளர்த்தவள் நான்.

நேற்று அன்புராசாவின் கடைக்குப் போனேன். கடை நிறையச் சனம் சேரும்வரை வெண்டிக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றேன். பிறகு கேட்டேன். "அண்ணை, தேவாலயத்து வாசலில கண்டியளே, அவ ஆரெண்டு தெரியுமோ? அமெரிக்காவில இருந்து வந்து எங்கட பெட்டையளுக்குப் படிப்பிச்ச மிஸ் அக்னியூ. அவவை இந்த ரொறன்ரோவில ஒராள்தான் கொண்டுவரலாம். அது என்ர தங்கச்சி." மனுசன் வெண்டிக்காய்க்குக் காசு வாங்க மறந்துபோனார். ஏப்ரலில் நூலகத்துக்கு வருகிறாராம், பெண்சாதியையும் கூட்டிக்கொண்டு.

சத்தியத்தை முறித்துவிட்டாயே என்று அத்தான் நக்கல் அடிக்கிறார். நான் எங்கே முறித்தேன்? புனிதத்தோடு கதைக்கமாட்டேன் என்றுதான் பிள்ளையாருக்குச் சொன்னேன். அன்றைக்கு நான் கதைத்தது மிஸ் அக்னியூவோடு. பிள்ளையாருக்கு இது விளங்கும். ஆனாலும் சத்தியம் சத்தியம்தான். தேங்காய் உடைத்து அதை முறைப்படி திருப்பி எடுக்க வேண்டும். ஐயர் இந்தியாவுக்குப் போயிருக்கிறார், சித்திரைக்குத்தான் வருவாராம். அதுவரைக்கும் என்னால் இருக்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட வா. உன்னுடைய கதிரையில் பழைய பேப்பரும் கூப்பனும் குவிந்து கிடந்தன, எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். கலியாணப் பேச்சு இனி இந்த வீட்டில் வராது, கேட்டேன், பதில் வந்துவிட்டது. மொன்றியலுக்கும் அப்படித்தான் சொல்லிவிட்டேன். எனக்கு இப்போது வேறு கேள்விகள் இருக்கின்றன. அந்தக் கடையில் உன்னை மரியாதையாக நடத்துகிறார்களா, பொழுதுபட்டு வந்து என்ன சாப்பிடுகிறாய், பதினெட்டாம் மாடியில் இருந்து பார்த்தால் என்ன தெரியும் என்று ஒருநாளாவது நான் கேட்டிருக்கிறேனா?

அதனால் தொப்பியைக் கட்டிக்கொண்டு வா. பஸ்ஸில் சனம் பார்த்தால் பார்க்கட்டும். வாசலுக்கு வந்ததும் மறதியாகக் கழற்றிவிடாதே, எனக்கு உன்னோடு கதைக்க வேண்டும்.

அக்கா